கம்சனாவின் துவக்கு உதைத்தவர்கள்

கம்சனா தன் வாழ்நாளில் சுட்ட முதல் தோட்டாவின் உதை அவளுடைய தோளில் விழவில்லை. அவள் நின்ற சுடுகளத்திலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, ஜெர்மனியின் ஹம்பேர்க் பெரிய ஸ்டேசனுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த சோதிலிங்கத்தின் இடது தோளில் விழுந்தது. 2023 மே மாதம் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அவர் இருந்த நாற்காலியோடு இரண்டு அடி பின்னால் போய், அரிசி மூட்டைகளில் முட்டி நின்றார். சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளங்கையளவு சிவந்திருந்தது. சற்று முன்புதான் அவர், முருங்கைக்காய் வாங்க வந்த ஒருவரிடம், "கனகலிங்கத்தின்ரை பெட்டை வேட்டைக்காரச் சோதினை எடுக்கிறாளாம். உவளுக்கு உது ஏலுமே?" என்று கேட்டு முடித்திருந்தார். முருங்கைக்காய் அன்று கிலோ ஒன்பது யூரோ.

அந்தச் சோதனையில் கம்சனா இரவல் இரட்டைக்குழல் துப்பாக்கியால் பறக்கும் மண்தட்டுகள் பத்தைச் சுட வேண்டியிருந்தது, பத்துத் தோட்டாவில் எட்டை உடைத்தாள். இரண்டாவது தோட்டாவின் உதை, அவளுக்கு நாலாம் வகுப்பில் படிப்பித்து, இந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கிம்னாசியப் பள்ளிக்குச் சரிவராது, கைத்தொழில் பழகட்டும் என்று எழுதிக் கொடுத்து, இப்போது ஓய்வில் இருக்கும் ஆசிரியையைப் போய்ச் சேர்ந்தது. அவர் தன் தோட்டத்து ஹைட்ரேஞ்சியாச் செடிகளுக்குள் இருந்து கூப்பிட்டதாக அயல்வீட்டார் சொன்னார்கள். மிச்ச எட்டு உதையும் எங்கெங்கே போயின என்று யாரும் அப்போது தேடவில்லை.

கம்சனாவுக்கு அந்த வருடம் இருபத்தொன்பது வயது. கனகலிங்கத்துக்கும் கமலாம்பிகைக்கும் ஒரே பிள்ளை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். உயரம் ஐந்தடி ஓர் அங்குலம், இடது கைக்காரி. விவசாயம் படித்து முடித்து, எல்பே ஆற்றங்கரைக் கிராமங்களில் காட்டு வாத்துகள் எவ்வளவு குளிர்காலக் கோதுமையைத் தின்றன என்று வயல் வயலாகப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையில் இருந்தாள். ஐந்து வருடமாக எழுதினாள். ஐந்து வருடமும் விவசாயிகள் அவளிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: நீ எழுதுகிறாய், வாத்து தின்கிறது. கம்சனா கோபம் வந்தால் அழுகிற ஆள் இல்லை. விண்ணப்பப் படிவம் தேடுகிற ஆள். அப்படித்தான் வேட்டை அனுமதிச் சோதனைக்குப் பதிந்தாள்.

சோதனை பாஸ் பண்ணினால் மட்டும் போதாது. சுடுவதற்கு ஒரு நிலம் வேண்டும். நோய்டைக் என்ற கிராமத்தின் வேட்டை நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தவர் ப்றுக்மன். ஆறடி நாலங்குலம், பேச்சுக் குறைவு. அங்கே கூட வேட்டையாட இன்னொருவருக்கு இடம் காலியாக இருந்தது. கம்சனா போய்க் கேட்டாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. நவம்பர் முதல் சனிக்கிழமை, சொந்தத் துப்பாக்கியோடு வா. என் கண் முன்னால் பத்து மணிக்கு முன் ஐந்து வாத்து. விழுத்தினால் அனுமதிக் கடிதம் உனக்கு, இல்லாவிட்டால் ஹம்பேர்க்கிலிருந்து ஒரு பல் வைத்தியர் கேட்டிருக்கிறார், அவருக்கு என்றார். பல் வைத்தியருக்கு அவர் எந்த நிபந்தனையும் போடவில்லை என்பதை அவள் அன்று பின்னேரமே விசாரித்து அறிந்துகொண்டாள். இரவல் துப்பாக்கியை அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துவிட்டு, அரைத் தானியங்கி ஒன்று வாங்கப்போவதாக எல்லோருக்கும் சொன்னாள்.

கோடை முழுவதும் அவள் சுடுகளத்தில் வாடகைத் துப்பாக்கிகளால் பழகினாள். அதற்குள் ஹம்பேர்க் தமிழர்கள் விஷயத்தின் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உதை அவளைப் பிடிக்காதவர்களைத் தேடிப் போகவில்லை. பொறாமைக்காரரையும் விட்டுவிட்டது. அந்தக் கணத்தில் யார் மனதில் "இவளுக்கு ஏலாது" என்று ஓடுகிறதோ அவரிடம்தான் போனது; எவ்வளவு உறுதியாக நினைத்தாரோ அவ்வளவு தூரம் தள்ளியது. புஸ்பவதி அக்கா ஒரு கலியாண வீட்டில் பால்ரொட்டித் தட்டோடு முக்கால் அடி நகர்ந்தார். கோயில் நிர்வாகசபைக் கூட்டமொன்றில் ஒரே வரிசையில் இருந்த மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தார்கள். யாரும் பொலிசுக்குப் போகவில்லை. போனால் என்ன நினைத்தீர்கள் என்று கேட்பார்கள்.

எனவே கம்சனா எந்தத் துப்பாக்கி வாங்கப்போகிறாள் என்பது அந்தக் கோடையில் வட ஜெர்மனித் தமிழர் எல்லோருடைய பிரச்சினையுமானது. அதுவரை தண்ணீர்த் துப்பாக்கிகூடத் தொட்டிராத சோதிலிங்கம் மூன்று கிழமை இணையத்தில் படித்துவிட்டு அவளுக்குப் போன் எடுத்தார். அரைத் தானியங்கியில் இரண்டு வகை இருந்தன. ஒரு வகை, வெடித்த மருந்தின் புகையில் கொஞ்சத்தைக் குழலிலுள்ள ஊசித்துளையால் எடுத்து, அந்த வேகத்தில் வெடித்த தோட்டாவின் வெறுங்கூட்டைத் தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும், உதை மெது. மற்ற வகை தன்னுடைய உதையின் பலத்தாலேயே அதைச் செய்யும். இலேசானது, அழுக்குப் பிடிக்காதது, உதை கடுமை.

"பிள்ளை, அந்தப் புகைத் துவக்கையே எடுங்கோ. நல்ல மெதுவாம்," என்றார் சோதிலிங்கம்.

"மாமா, நீங்கள் எனக்கு ஏலாது எண்டு நினைக்காட்டி எந்தத் துவக்கும் மெதுதானே."

"நினைக்கிறது என்ரை கையிலையே கிடக்கு?"

அவர் பொய் சொல்லவில்லை. கம்சனாவும் அதை ஒப்புக்கொண்டாள். ஆனாலும் மற்றவர்களின் தோள் நோகுமே என்று துப்பாக்கி தெரிவுசெய்வதற்கு அவள் தயாராக இல்லை. இருபத்தொன்பது வருடம் எல்லோருடைய வசதியையும் பார்த்தாயிற்று. கடுமையாக உதைப்பதைத்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டு, செப்டெம்பர் கடைசியில் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். கமலாம்பிகையும் கூடப் போனார்.

கடைக்காரர் ஹார்ம்ஸ் ஐந்து துப்பாக்கிகளை மேசையில் வைத்தார். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளில், ஈரநிலத்தில் ஈயச் சன்னம் தடை, உருக்குச் சன்னம்தான். அதனால் உருக்கைத் தாங்கும் என்று காட்டும் அல்லிப்பூ முத்திரை குழலில் இருக்க வேண்டும் என்று, அது இல்லாத ஒன்றைத் திருப்பி எடுத்து வைத்தார். மிச்சம் நாலு. கம்சனா இடது தோளில் வைத்துப் பார்த்தாள். கமலாம்பிகை பொறுக்கமாட்டாமல், "அந்தக் கையாலையே பிடிக்கிறாய்? வலக்கையாலை பிடியன், கடைக்காரன் பாக்கிறான்," என்றார். மகளுக்குப் பென்சிலும் கரண்டியும் வலது கைக்கு மாற்றிக் கொடுத்து வளர்த்தவர் அவர்.

"சோறு தின்னுற கையாலை சுடேல்லை எண்டு சந்தோசப்படுங்கோ அம்மா."

கடைக்குக் கீழே சிறிய சுடுகளம் இருந்தது. கம்சனா கடும் உதைக்காரனை எடுத்துச் சுட்டாள். சன்னம் இலக்கில் பட்டது. ஆனால் துப்பாக்கி செத்ததுபோல் இருந்தது; வெறுங்கூடு உள்ளேயே கிடந்தது. அதே நேரம் தெற்கே கார்ல்ஸ்ரூஹே நகரத்தில், இரண்டு வருடம் அவளைக் காதலித்து, இவள் படிப்பை முடிக்கமாட்டாள் என்று விட்டுப்போன மதிசுதன், ஒரு நிறுவனக் கூட்டத்தின் நடுவில் கணினித் திரையிலிருந்து காணாமல் போனான். சக ஊழியர்கள் இணைப்புப் பிரச்சினை என்று நினைத்தார்கள். கம்சனா இரண்டாம் தரம் சுட்டாள், மூன்றாம் தரமும் சுட்டாள். மூன்று முறையும் கையால் இழுத்துத்தான் கூட்டை எடுக்க வேண்டியிருந்தது. ஹார்ம்ஸ் துப்பாக்கியைக் கழற்றி, பார்த்து, பூட்டி, தானே சுட்டார். அவருக்கு அது ஒழுங்காக வேலை செய்தது; அவர் தோளும் நொந்தது. நாற்பது வருட அனுபவத்தில் அவர் உடனே காரணத்தைச் சொன்னார்: இந்த ரகம் உதையை வைத்துத்தான் இயங்குகிறது. உங்களுடைய உதை வெளியூர் போய்விடுகிறது. உதை வீட்டில் தங்குகிறவர்களுக்குத்தான் இது சரிவரும்.

இப்படியாகப் புகைத் துவக்குத்தான் என்று முடிவானது. சோதிலிங்கம் கேள்விப்பட்டுத் தேங்காய் உடைத்தார். ஆனால் மேசையிலிருந்த புகைத் துவக்குகள் எல்லாம் வெறுங்கூட்டை வலது பக்கம் எறிபவை. இடது தோளில் வைத்தால் சூடான கூடு முகத்துக்கு முன்னால் போகும். ஹார்ம்ஸ் உள்ளே போய், ஏழு வருடமாக விற்காமல் கிடந்த ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். இடது பக்கம் எறிவது. கறுப்பு, தோளில் முட்டுகிற பின்பக்கம் பிளாஸ்டிக் கட்டை, ஒரு அழகும் இல்லை. கட்டையில் ஓர் அங்குலம் வெட்டிக் குறைத்தார்கள். கம்சனா கண்ணை மூடி, தோளில் வைத்து, கண்ணைத் திறந்தாள். குழல் அவள் பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் அவளை அளந்து செய்துவிட்டு, அவள் வரும்வரை ஏழு வருடம் காத்திருந்ததுபோல் இருந்தது. பெயரில்தான் தானியங்கி, வேட்டைச் சட்டப்படி தோட்டாப் பெட்டியில் இரண்டு, குழலில் ஒன்று, மொத்தம் மூன்று தோட்டாதான். அது போதும் என்றாள்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று கனகலிங்கம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் போய் நின்றார். எண்பத்தாறாம் ஆண்டு துவக்குகளுக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர். துவக்கு இருக்கிற கூரையின் கீழ் படுப்பதில்லை என்று அகதி முகாமில் வைத்துச் சத்தியம் செய்திருந்தார். அப்பிள் களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டி அந்த வீட்டுக் கடனைக் கட்டியவரும் அவர்தான். இரண்டு மணி நேரம் படியில் நின்றார். பிறகு உள்ளே வந்து, துப்பாக்கி வைத்திருந்த இரும்புப் பெட்டியின் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட இருந்தார்.

விஜயதசமி அன்று கமலாம்பிகை வழக்கம்போல வீட்டிலுள்ள ஆயுதங்களைச் சுவாமி அறையில் வைத்தார்: தையல் இயந்திரம், பாரந்தூக்கியை முடுக்கும் திறப்பு, மகளின் மடிக்கணினி. கம்சனா துப்பாக்கியைத் துடைத்து, பகுதி பகுதியாகக் கழற்றி, அவற்றோடு வைத்துவிட்டு அருகிலேயே இருந்தாள். தாய் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மகள் தேவாரம் பாடக் கண்ணை மூடிய நேரம், குழலின் அடியில் இருந்த சின்னத் துளையைக் கண்டு, இது மூச்சு விடுகிற இடமாக்கும் என்று அதற்கும் கட்டியாக ஒரு பொட்டு வைத்தார். கம்சனா பூசை முடிந்து வெளியே தெரிந்த பொட்டுகளை மட்டும் துடைத்துவிட்டுப் பகுதிகளைப் பூட்டி, வேட்டை நாள்வரை இரும்புப் பெட்டியில் வைத்தாள்.

நவம்பர் நாலாம் தேதி காலை ஏழரைக்கு அவளும் ப்றுக்மனும் கோதுமை வயலின் ஓரத்தில், முப்பது அடி இடைவெளியில், நாணல் மறைப்புக்குள் குந்தியிருந்தார்கள். ப்றுக்மனுக்குப் பின்னால் வடிகால் ஓடியது. எட்டு பத்துக்குச் சாம்பல் வாத்துகள் ஆற்றுப் பக்கமிருந்து வந்தன. கம்சனா எழும்பிச் சுட்டாள். ஒன்று நேரே வயலில் விழுந்தது. ஹம்பேர்க்கில் பல் வைத்தியர் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஜன்னல்வரை போனார். ஆனால் துப்பாக்கி கூட்டை எறியவில்லை. வயல் முழுக்கக் கோயில் மணம். சந்தனம் துளைக்குள் இறுகிக் கிடப்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கைபிடியை இழுத்தாள். ப்றுக்மன் தலையை ஆட்டினார். அவர் என்ன நினைத்தார் என்பதை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் சுட்டபோது இரண்டாவது வாத்து விழுந்தது. ப்றுக்மன் முதுகுப்புறமாக வடிகாலுக்குள் போனார்.

மூன்றாவதற்கும் கையால் இழுத்தாள். இந்த முறை வெடித்த மருந்தின் சூடு சந்தனத்தை உடைத்துக்கொண்டு வந்தது. மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொடி மேகம் எழும்பியது, கூடு பளிச்சென்று இடது பக்கம் பறந்தது, வாத்து விழுந்தது. வாத்துகள் ஒரு முறை வெடி கேட்ட வயலுக்கு அன்று திரும்பி வருவதில்லை. அன்று வந்தன. மணத்துக்கோ என்னவோ, கூட்டமாக வட்டமடித்து, அவள் புதிதாக மூன்று தோட்டாவும் ஏற்றி முடிக்கும்வரை மேலே நின்றன. ப்றுக்மன் கரையில் பாதி ஏறி, மூன்று விழுந்தது அதிர்ஷ்டம் என்று நினைத்தார். நாலாவது வெடியோடு மறுபடியும் தண்ணீருக்குள் போனார். பிறகு அவர் ஏறவில்லை. இடுப்பளவு தண்ணீரில், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி, மனதில் ஒன்றுமே இல்லாமல் நின்றார். ஐந்தாவது வாத்து அவருக்கு முன்னால் கரையில் வந்து விழுந்தது. மணி எட்டு இருபத்தைந்து.

கம்சனா வயலில் நின்றே தகப்பனுக்குப் போன் எடுத்தாள். "அப்பா, அஞ்சும் விழுந்தது. துளைக்குள்ளை சந்தனம் அடைச்சுப்போட்டுது."

"ஓம், கொம்மா பொட்டு வைக்கேக்கை கண்டனான்," என்றார் கனகலிங்கம்.

"கண்டிட்டு ஏன் சொல்லேல்லை?"

"நீ எப்பிடியும் சுடுவாய்தானே எண்டு விட்டிட்டன்."

அவருக்குப் பின்னால் களஞ்சியத்தின் இரைச்சல் கேட்டது. ஆறு மாதத்தில் அவள் சுட்ட எழுநூற்றுச் சொச்சம் தோட்டாக்களில் ஒன்றின் உதைகூட அந்த மனிதரைத் தொடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய பாரந்தூக்கியிலிருந்து ஒரு அப்பிளாவது உருண்டதாக யாரும் சொல்லக் கேள்விப்படவில்லை. அவள் சரியப்பா வாறன் என்று போனை வைத்துவிட்டு, சத்தமாக, எவருக்கும் பயப்படாமல் சிரித்தாள்.

ப்றுக்மன் ஜீப்பின் முன்மூடியில் வைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். இப்போதைக்கு ஒரு வருடம் என்று எழுதியிருந்ததை வெட்டி, காலவரையறை இல்லை என்று எழுதினார். காப்புறுதி நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பி, பாதிக்கப்படுபவர்கள் சுடும் திசையிலா நிற்கிறார்கள் என்று கேட்டது. இல்லை என்று கம்சனா பதில் எழுதினாள். அப்படியானால் ஆட்சேபணை இல்லை என்றார்கள். அடுத்த வருடத்திலிருந்து நோய்டைக் ஊராட்சிப் பலகையில் வேட்டை அறிவித்தல் இந்த ஒழுங்கில் ஒட்டப்படுகிறது: தேதி, நேரம், வயல் இலக்கம், சுடுபவர் பெயர். அதற்குக் கீழே, நாயைக் கட்டி வைக்கவும், சந்தேகம் உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கவும். அந்தப் பருவத்தில் கம்சனா அறுபத்துமூன்று வாத்து விழுத்தினாள், கோதுமை முழங்கால் வரை வளர்ந்தது, உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் காயமில்லை.