இடி என்று சொல்லக் கூடாது

சென்னையில் பல ஆண்டுகள் இடி மின்னலை ஆராய்ந்த விஞ்ஞானி ஜாபர் சாதிக். அவருடைய கட்டுரைகளை உலகத்தில் மூன்று பேர் படித்திருப்பார்கள். அதில் ஒருவர் அவரே. நாலு பேர் காதில் விழாத விஞ்ஞானம் எதற்கு என்று வேலையை உதறிவிட்டு, சொந்த ஊரான விருதுநகருக்கு வந்து ஒரு பண்பலை வானொலியில் நிருபராகச் சேர்ந்தார். மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த மாமனார், மருமகன் லீவில் வந்திருப்பதாகவே ஊருக்குச் சொல்லி வந்தார்.

காலையில் வானிலை சொல்வது ஜாபரின் வேலை. அதற்குப் பணம் கட்டுபவர் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை நடத்தும் லட்சுமிகாந்தம். சிக்கல் அங்கேதான். இடி மின்னல் நேரத்தில், வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. இடி வரும் என்று வானொலி சொன்னால் வேலைக்குப் போகும் பெண்கள் வேன் ஏற மாட்டார்கள். தீபாவளி ஆர்டர் படுத்துவிடும். ஆகவே நிலைய மேலாளர் மகேஷ்குமார், இடி என்ற சொல்லே வாயில் வரக் கூடாது என்றும், ‘வானம் ரம்மியமாக இருக்கும்’ என்றால் போதும் என்றும் சொல்லிவிட்டார். விளம்பரம் தருகிறவர் மனம் நோக வானம்கூட நடந்துகொள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை. கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்கு அஞ்ச முடியுமா? ஜாபரும் ரம்மியம் ரம்மியம் என்று வாசித்தார்.

வாசித்து முடித்ததும் தினமும் அவருடைய கைபேசி அடிக்கும். லட்சுமிகாந்தம்தான். ரேடியோவில் சொன்னது கிடக்கட்டும், நிஜத்தைச் சொல்லுங்கள் என்பார். மகேஷ்குமாரும் விட்டவர் இல்லை. மனைவி வடகம் காயப்போட வேண்டும் என்று தனியாக வந்து கேட்டுக்கொள்வார். ரேடியோவை நம்பியவள் வள்ளித்தாய் ஒருத்திதான். மருந்து அறையில் வேலை பார்ப்பவள். ஒரு பேட்டியில் ஜாபரிடமே சொல்லியிருந்தாள்: “நீங்க சொல்லுததைக் கேட்டுத்தான் சார் நாங்க வேன் ஏறுதோம்.” அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள். மதியத்துக்கு மேல் இடி இடிக்கப்போவது ஜாபருக்கு உறுதியாகத் தெரிந்தது. கையிலோ ரம்மியத் தாள். அன்று வாசிக்கும் முன்பே கைபேசி அடித்தது, லட்சுமிகாந்தம்தான். ஜாபர் மைக்கைத் திறந்துவிட்டு, கைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டு அதன் பக்கத்தில் வைத்தார்.

“என்ன தம்பி, தினமும் கேக்குததுதான், இன்னைக்கு இடி இருக்கா? நான் கம்பெனிப் பக்கம் போகலாமா?”

“பலமா இருக்கும்யா. போகாதீக.”

“நல்லவேளை சொன்னீக. நான் வீட்டுலயே இருந்துக்கிடுதேன். வேலை அது பாட்டுக்கு நடக்கட்டும், சீசன் பாருங்க.”

மாவட்டமே கேட்டது. வேன்கள் பாதி வழியில் திரும்பின. சாயங்காலம் மின்னல் மருந்து அறைக் கூரையில் இறங்கியது. உள்ளே யாரும் இல்லை.

மகேஷ்குமார் ஜாபரை வெளியே தள்ளத் துடித்தார். லட்சுமிகாந்தம்தான் தடுத்தார், அவனை அனுப்பிவிட்டால் நான் யாரிடம் கேட்பது என்றாராம். மறுநாள் வானொலியில், தொழிலாளர் நலன் கருதித் தானே முன்வந்து விடுமுறை விட்ட முதலாளிக்குப் பாராட்டு ஒலித்தது. வாசித்தவர் ஜாபர்.

ஆனாலும் நெஞ்சு நிமிரத்தான் செய்தது. உயிர் காத்தவன் அல்லவா! மக்கள் கருத்தைப் பதிவு செய்வதாகச் சொல்லிக்கொண்டு, பாராட்டு வாங்க அச்சங்குளம் வேன் நிற்கும் இடத்துக்குப் போய் வள்ளித்தாய் முன்னால் மைக்கை நீட்டினார்.

அவள் மைக்கை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள்.

“முந்தி அம்புட்டு நாளும் அவருக்கு மட்டும் நெசத்தைச் சொல்லியிருக்கீகளே சார். எங்களுக்கு ஏன் சொல்லலை?”

ஜாபர் பதிவை நிறுத்தினார். அதற்குள் வேன் வந்துவிட்டது. வள்ளித்தாய் படியில் கால் வைக்குமுன் ஓட்டுநரிடம் கேட்டாள்: “மொதலாளி கார் கம்பெனிக்கு வந்துருச்சா?”