இந்தப் பாவு முடியட்டும்

தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூலில் கடைசிச் சேலையை நெய்து முடித்த கையோடு மயில்வாகனத்தின் வலது முட்டி பூட்டிக்கொண்டது. தறிக்குழிக்குள் கால், மிதியின்மேல் பாதம். மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. கூப்பிட வெட்கப்பட்டு, இழையைச் சரிசெய்கிறவன்போல் சும்மா தடவிக்கொண்டிருந்தான். தறிச் சத்தம் நின்றால் அடுப்படியில் இருப்பவளுக்குத் தெரியாதா என்ன?

"மறுபடியுமா?" என்று கேட்டபடி கமலவேணி வந்தாள். குழி ஓரத்தில் உட்கார்ந்து, புருஷனின் குதிகாலைப் பிடித்து மெல்ல அசைத்தாள். வழக்கமாக விட்டுக்கொடுக்கும் முட்டி இன்றைக்கு அசையவில்லை.

பங்குனி உத்திரத்தில் சுவாமி தூக்கியபோது வந்த வினை. தோளில் பல்லக்குத் தண்டோடு தெருமுனையில் திரும்புகையில் உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. ரயிலேறிப் பட்டணம் போய்க் காட்டியதில், "உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா பூட்டாது. ஆனா பழையபடி மடங்கும்னு உறுதியா சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். மடங்காத காலோடு எவன் குழியில் இறங்குவான்? நாற்பத்தைந்து வயதில் வேறு எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வது? அப்படியே விட்டாலோ, பூட்டிய முட்டி ஒருநாள் திறக்காமலே போகலாம். மைத்துனன் நமச்சிவாயம் வேறு, "சாமி தண்டுக்கடியில பட்ட கால் மாமா, அதுல கத்தி வெக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் காலா போகிறது, அவன் பேசுவான்.

"இந்தப் பாவு முடியட்டும்" என்று மயில்வாகனம் எல்லோரிடமும் சொல்லிவைத்தான். நல்ல தந்திரம். அந்த வீட்டில் பாவு முடிவதே கிடையாது. பழைய பாவின் வால் தறியில் இருக்கும்போதே புதுப்பாவைக் கொண்டுவந்து, இழைக்கு இழை முறுக்கிப் பிணைத்துவிடுவார்கள். அது கமலவேணியின் வேலை. அவன் அப்பா செத்தபோதுதான் கடைசியாக அந்தத் தறி காலியாக நின்றது. இது தெரிந்துதான் அவன் தவணை சொன்னான். பங்குனிக்குப் பிறகு பாவுகள் வந்துகொண்டேயிருந்தன, இப்போது ஐப்பசி மழை.

"கமலா, நீ சொல்லு. ஆபரேஷன் பண்ணிக்கட்டுமா?"

"நான் சொல்லி, கால் மடங்காம போச்சுன்னா? ஆயுசுக்கும் என்னையே பாத்துக்கினு உக்காந்திருப்பீங்க. நான் சொல்ல மாட்டேன்."

"எனக்குப் பயமா இருக்குது."

"எனக்கு மட்டும் இன்னாவாம்?" என்றவளின் குரல் உடைந்தது. மூலையிலிருந்த புதுப்பாவை எடுத்துக்கொண்டு தறியின் பின்பக்கம் போய், அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். இழை வழுக்காமலிருக்க விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டாள். "பிணைக்கட்டுமா, வேணாமா? வேணாம்னா தறி காலியா கெடக்கட்டும், நாளைக்கே பட்டணம் போவலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க."

தறியைக் காலியாக நிறுத்தச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பிணை என்றும் வரவில்லை. கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. கமலவேணி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, முதல் இழையை முறுக்கினாள். அடுத்ததை எடுத்தாள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொன்றையும் அவள் எடுக்கும்போது 'இரு' என்று சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது.

அப்போதுதான் குழிக்குள் 'டக்'கென்று சின்னச் சத்தம். முட்டியின் பூட்டு விட்டது. கால் தாராளமாக அசைந்தது.

"விட்டுச்சா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"இல்ல" என்றான் மயில்வாகனம். பூட்டியே இருந்தால் இப்போதைக்கு ஒன்றும் முடிவுசெய்ய வேண்டாம். பாதத்தை மிதியின்மேல் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, அவளுடைய சாம்பல் விரல்கள் அடுத்த இழையைத் தேடுவதைப் பார்த்தான்.