சண்முகரத்தினத்தின் வயிற்றுக்கு மருந்து

சயாமில் ரயில் பாதை போட ஐம்பது பேர் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டபோது, பிரிக்பீல்ட்ஸில் பட்டியல் எழுதியவர் ஆபிஸ் குமாஸ்தாவான கிராணி சண்முகரத்தினம். தன் மச்சானின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் நாட்டு மருந்துக்கடை முத்து முகம்மதின் பெயரை எழுதினார். அது நாற்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம்.

நவம்பரில் அதே கடை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவருக்கு அஜீரணம் பல வருஷத்து நோய். அரிசி போய் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்றானதிலிருந்து புளித்த ஏப்பமும் வயிற்று உப்புசமும் அவரைத் தூங்கவிடவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை.

கடையில் முத்து முகம்மதின் மனைவி அமீனா பீவி மட்டும் இருந்தாள்.

"ஓமமும் சுக்கும் உம்மட்ட இருக்கெண்டு சொல்லினம். கொஞ்சம் காய்ச்சித் தாரும்."

"இருக்கு. உங்களுக்கு இல்ல, கிராணி ஐயா."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சண்டைக்கு முந்தி வந்த சரக்கை ஒளிச்சு வச்சிருக்கிறீர். ஜப்பான்காரன் அறிஞ்சால் என்ன செய்வானெண்டு தெரியுந்தானே."

தெரியும். போன வாரம்தான் ஒரு மூட்டை சீனிக்காக ஒரு கடைக்காரரைத் தெருவில் இழுத்துப் போனார்கள். அவள் அடுப்பை மூட்டினாள். கஷாயத்தை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"முதல்ல நீர் குடியும்."

ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை அவர் முன் வைத்தாள். "உங்களுக்கு விஷம் வைக்கணும்னா இதுல வைக்க மாட்டேன். நல்ல சரக்கு வீணாப் போயிரும்."

மருந்து அவருக்குக் கேட்டது. மூன்று நாளுக்கு ஒருமுறை வரத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள்: "அவரப் பத்தித் தகவல் வந்துச்சா?" இல்லை என்று சொல்லிவிட்டுக் குடிப்பார்.

மறு வருஷம் ஜூலையில், பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த சீதாலெட்சுமியின் புருஷன் சயாமில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் சண்முகரத்தினம் வலியில் குனிந்தபடி வந்தார். அமீனா பீவி கஷாயத்தை ஊற்றினாள்; கொடுக்கவில்லை.

"சீதாலெட்சுமிக்குச் சேதி சொன்னது நீங்கதானே. அப்ப செத்தவங்க பேரு உங்க ஆபிசுக்கு வருது. என் புருஷன் பேரு வந்துச்சா?"

"வயிறு எரியுது. தாரும்."

"சொல்லுங்க."

"வாந்திபேதி. முகாமிலைதான்."

"எப்ப தெரியும்?"

"ஜனவரியிலை."

அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி அவர் முகத்தில் ஊற்றப் போனவள், இறக்கித் தரையில் வைத்தாள்.

"ஆறு மாசமா இங்க வந்து குடிச்சிட்டு, தகவல் இல்லன்னீங்க. செத்தவருக்கு ஓதுற பாத்திஹாகூட நான் ஓதலயே."

"சொன்னால் நீர் மருந்து தரமாட்டீர்," என்றார்.

அவள் டம்ளரை அவர் பக்கம் தள்ளினாள். அவர் குடித்து முடிப்பதற்குள், மீதமிருந்த ஓமத்தையும் சுக்கையும் ஒரு துணியில் கட்டினாள்.

"ஓமம் ரெண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு. கருகாம வறுத்து, ஒரு பிடி கறிவேப்பிலை போடுங்க. நாலு டம்ளர் தண்ணி ஒண்ணாச் சுண்டணும். மறந்துருமுன்னா எழுதிக்குங்க. எழுதத்தான் நல்லாத் தெரியுமே. இனி உங்க வீட்டுல காய்ச்சிக் குடிங்க. உங்க காலு இந்த வாசல்ல படக்கூடாது."

"நான் ஒரு சொல் சொன்னாலே..."

"போய்ச் சொல்லுங்க. பதுக்குன சரக்கு இப்ப உங்க கையிலதான் இருக்கு."

அவர் மூட்டையைப் பார்த்தார். கீழே வைக்கவில்லை. கோட்டுக்குள் செருகிக்கொண்டு, தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு நடந்தார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் லெபையை அழைத்து, மரவள்ளிக் கஞ்சி வைத்துப் பாத்திஹா ஓதவைத்தாள். அடுத்த வாரமே கடையைப் பூட்டிவிட்டுக் கிள்ளானில் தங்கை மஜீதா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த ஒருவர், கிராணிக்கு வயிறு நன்றாகிவிட்டது, உடம்பும் தேறிவிட்டது என்றார்.

"மருந்து நல்ல மருந்துதான்," என்றாள் அமீனா பீவி. அவரைப் பற்றி வேறெதுவும் அவள் கேட்கவில்லை.