மூத்த சாமி

கார்த்திகை பிறந்தால் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். பக்தியால் வந்த திமிர் என்று பொய் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் அறிவு ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் திருவொற்றியூரில் அவரை ஒருத்தரும் 'வா, போ' என்று பேச முடியாது. மாலை போட்டவர்கள் எல்லோரும் சாமிதான். மளிகைக்கடையில் "சாமிக்கு இன்னா ஓணும்?" என்பார்கள். ஆட்டோக்காரர் "ஏறுங்க சாமி" என்பார். எங்கள் ஐயப்ப சபையின் செயலாளர் தணிகாசலம், மற்ற மாதமெல்லாம் தெருக்கோடியிலிருந்தே "இன்னாடா அறிவு" என்று குரல் கொடுக்கிறவர், கை கூப்பி "வாங்க சாமி" என்பார். அந்த 'வாங்க' காதில் விழுந்தால் எனக்கு வயிறு குளிர்ந்துவிடும். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் அன்றைக்குச் சாயங்காலமே பழைய 'வாடா' திரும்பி வந்துவிடும்.

நாங்கள் எர்ணாவூர் குடியிருப்பில் இருக்கிறோம். அதற்கு முன் வியாசர்பாடி. சபையில் யாரும் எங்களிடம் சாதி கேட்டதில்லை. முகவரியே சொல்லிவிடும்போது கேட்பானேன்? ஒவ்வொரு வருடமும் சபை சாமிகள் வீடு வீடாகப் போய்ப் பூஜை செய்வார்கள். எங்கள் வீட்டுக்கும் வருவார்கள், தொண்டை கிழியச் சரணம் பாடுவார்கள். பிறகு நான் குளித்து முழுகிச் செய்த சர்க்கரைப் பொங்கலை விட்டுவிட்டு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பழத்துக்குத் தோல் இருக்கிறதே. முதல் வருடம் நான் அழுதேன். அடுத்த வருடத்திலிருந்து பொங்கலைக் குறைத்துப் பழத்தைக் கூட்டிவிட்டேன்.

இவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். வாய் திறந்து ஒன்று கேட்கிற ஆள் இல்லை. ஒரே ஒரு விஷயத்துக்காக மட்டும் நான் அவர் சார்பில் காத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருடம் மலைக்குப் போனவர், பதினெட்டாவது தடவை தென்னங்கன்று சுமந்துபோய் அங்கே வைத்துவிட்டு வந்தால் அவர் குருசாமி. மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடலாம், இருமுடி கட்டித் தலையில் ஏற்றலாம். எனக்கு வேண்டியது அதுகூட இல்லை. குருசாமி என்ற பட்டம் மாலையோடு கழன்று விழாது. எங்கள் சபையின் குருசாமி சுப்புராயன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சித்திரை வெயிலில் லுங்கியோடு டீக்கடைக்கு வந்தாலும் "வாங்க குருசாமி" என்றுதான் எழுந்து இடம் விடுவார்கள். அப்படி ஒரு 'வாங்க' வருடம் முழுக்க என் வீட்டுக்காரருக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பேராசை இல்லையே அது.

போன வருடம் இவர் தென்னங்கன்று சுமந்துவிட்டு வந்தார். இந்த வருடம் கார்த்திகை முதல் நாள், பிள்ளையார் கோயில் எதிரே இருக்கும் சபைக் கொட்டகையில் மாலை போடும்போது, சுப்புராயன் குருசாமிக்குப் பக்கத்தில் இவருக்கும் ஒரு மணை போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனோம். இரண்டு வருடத்துக்கு முன் தணிகாசலத்தின் மச்சான் பதினெட்டு முடித்தபோது மணை போட்டார்கள், மேளம்கூட வைத்தார்கள். அவர் இப்போது மாதவரத்தில் தனியாக ஒரு குழுவை அழைத்துக்கொண்டு போகிறார்.

மணை ஒன்றுதான் இருந்தது.

எங்கள் மகள் மகிழினிக்கு ஒன்பது வயது. பத்து ஆகிவிட்டால் பெண் பிள்ளைகளை எங்கள் சபையில் அழைத்துப் போக மாட்டார்கள், அதனால் இந்த வருடம் அவளும் மாலை போடுவதாக இருந்தாள். கருப்புப் பாவாடையும் சட்டையும் போட்டுக்கொண்டு, மாலையைக் கையில் வைத்தபடி நேரே அப்பாவிடம் போனாள்.

"சாமி, அங்க போம்மா. குருசாமி கையால போட்டுக்கோ" என்றார் தணிகாசலம்.

"எங்க அப்பாவும் குருசாமிதானே?" என்றாள் அவள்.

தணிகாசலம் சிரித்தார். "உங்க அப்பா மூத்த சாமி. சபைக்கு ஒரு குருசாமி போதும், ரெண்டு கை பூந்தா கொழப்பம் ஆய்டும். இனிமே எல்லாரும் மூத்த சாமின்னே கூப்டுவோம். இன்னா சாமி, சரிதானே?"

மூத்த சாமி. பதினெட்டு வருடத்தில் யாரும் கேள்விப்படாத பட்டம். அந்த இடத்திலேயே செய்து அந்த இடத்திலேயே கொடுத்தார்கள். சுப்புராயன் தன் மாலையின் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். இவர் மகளின் தோளைத் தொட்டு அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அவள் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டாள், முகம் மட்டும் அப்பாவைப் பார்த்தபடி இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குத்துவிளக்கைத் தூக்கி எறிந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அவரு மச்சானுக்கு ரெண்டு கை பூரலாம், உங்களுக்குப் பூந்தா கொழப்பமா? கேக்கறதுக்கு வாய் இல்லியா சாமி?"

மாலை போட்டுவிட்டால் மனைவியும் அவருக்கு அம்மாதான். "வுடும்மா," என்றார். "நான் மலைக்குப் போறது அவருக்காகவா? ஐயப்பனுக்குத் தெரியும்."

"ஐயப்பனா உங்கள டீக்கடையில கூப்டப் போறாரு?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

மூத்த சாமி என்ற பெயர் அவ்வளவு சீக்கிரத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டுப் பூஜைகளில் "மூத்த சாமி கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்பார்கள். "மூத்த சாமி, பாத்திரத்தைக் கழுவச் சொல்லிடுங்க" என்பார்கள். மரியாதைக் குறைவு என்று சண்டைக்குப் போக முடியாது, சாமியும் 'ங்க'வும் சரியாகத்தான் இருந்தன. அப்படியே மார்கழியும் வந்தது.

இருமுடி கட்டும் நாள் காலையில் சபைக் கொட்டகையில் தேங்காயும் நெய்யும் அரிசியும் எடுத்துவைத்துக் காத்திருந்தோம். வாசலில் பஸ் வந்து நின்றுவிட்டது. அப்போது சுப்புராயனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே சுவரில் சாய்ந்தார். திருநின்றவூரில் அவருடைய தம்பி விடியற்காலையில் இறந்துபோயிருந்தார்.

உடன்பிறந்தவன் சாவு தீட்டு. மாலையைக் கழற்றிவிட வேண்டும், இருமுடியைத் தொடக் கூடாது. மனிதர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது, பொய் இல்லை. போட்ட மாலையைத் தாய் கழற்றலாம், இல்லாவிட்டால் ஒரு குருசாமி கழற்ற வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். அவருடைய தாய் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம். கொட்டகையில் எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சுப்புராயனுக்குப் பக்கத்தில் போனார்.

"குடுங்க சாமி, நான் கழட்டறேன்" என்றார், ஒரு குழந்தையிடம் பேசுகிற குரலில்.

சுப்புராயன் நிமிர்ந்து பார்த்தார். கழுத்தருகே வந்த கையையும் பார்த்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்து, தானே மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்தில் மாட்டிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். துக்கத்தில் இருக்கிற மனிதர், என்ன சொல்ல? தம்பி செத்த வேளையிலும் அந்த ஓர் அடி பின்னால் போகத் தெரிந்திருந்தது அவருக்கு.

இவர் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

அப்புறம்தான் தணிகாசலத்துக்கு உறைத்தது. குருசாமி இல்லாமல் இருமுடி கட்ட முடியாது. இருமுடி இல்லாமல் பதினெட்டாம் படி ஏற முடியாது. மாதவரத்து மச்சானுக்குப் போன் போட்டார், அவர்கள் முந்தின நாளே கிளம்பி ஆந்திராக் கோயில்களைச் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பஸ்காரர் எட்டிப் பார்த்து ஒரு தடவை கேட்டார், இரண்டு தடவை கேட்டார். தணிகாசலம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இவரிடம் வந்தார்.

"குருசாமி," என்றார். "வந்து ஒக்காருங்க குருசாமி."

நான் கேட்க ஏங்கிய சொல் அதுதான். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், போய் மணையில் உட்கார்ந்தார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். குருசாமியின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார வேண்டும். அவர் தேங்காயில் நெய் ஊற்றி, அடைத்து, பையில் வைத்துக் கட்டித் தலையில் ஏற்றுவார். முதலில் வந்தவர் விழுந்தார். அவர் கை இவர் காலுக்கு ஒரு சாண் முன்னால் தரையில் நின்றுவிட்டது. தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. எல்லோருடைய கைக்கும் நிற்க வேண்டிய இடம் தெரிந்திருந்தது.

இவரும் பார்த்தார். நான்காவது ஆள் வருவதற்குள் காலை இழுத்துச் சம்மணம் போட்டு, வேட்டியைப் பாதத்தின் மேல் இழுத்து மூடிக்கொண்டார். வருகிறவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று. அவர்கள் செய்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இவர் காலை ஒளித்துக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியில் மகிழினி வந்தாள். அவளுக்குப் பின்னால் தணிகாசலம் மட்டும்தான் பாக்கி. அவள் குனிந்தாள், கால் எங்கே என்று தெரியாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கால நீட்டுங்க குருசாமி," என்றேன். பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்துதான் சொன்னேன், கொட்டகை முழுக்கக் கேட்டது. "என் பொண்ணு கும்புடணும்."

இவர் அசையவில்லை. நானும் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேட்டியை விலக்கி, இரண்டு காலையும் மெல்ல வெளியே எடுத்து வைத்தார். பிள்ளை நெற்றியை அந்தப் பாதத்தில் வைத்துக் கும்பிட்டாள். அவளுக்கு இருமுடி கட்டித் தலையில் ஏற்றினார்.

அடுத்து தணிகாசலம். நீட்டிய கால் நீட்டியபடியே இருந்தது. அவர் நின்றுகொண்டே பேசினார். "பஸ்ஸுக்கு லேட்டாவுது. சீக்கிரம் கட்டி ஏத்திடுங்க."

"கும்புட்டு ஒக்காருங்க சாமி," என்றார் இவர். "அவசரம் ஒண்ணும் இல்ல."

இத்தனை வருடத்தில் இவர் ஒருத்தரிடம் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். ஏற்கெனவே இருமுடி ஏற்றிக்கொண்டவர்கள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தணிகாசலம் குனிந்தார். இரண்டு விரல் நுனியால் பாதத்தைத் தொட்டார். தொட்ட கை கண்ணுக்குப் போகவில்லை. ஈரக்கையைத் தள்ளிப் பிடிப்பதுபோல் உடம்பில் படாமல் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இவர் நெய் ஊற்றினார், அடைத்தார், கட்டினார். இருமுடியைத் தூக்கி அவர் தலைமேல் வைத்தார். இனி அவர்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கை மேலே வரவில்லை. தணிகாசலத்தின் கண் தண்ணீர்ச் செம்பைத் தேடியது.

"கழுவணும்னா கழுவிக்கினு வாங்க சாமி," என்றார் இவர், குரலில் துளி கோபமில்லாமல். "அதுவரிக்கும் நான் புடிச்சிக்கினு கீறேன்."

தணிகாசலத்தின் கழுத்து சிவந்துபோனது. பிறகு இரண்டு கையும் மேலே போய் இருமுடியைப் பிடித்துக்கொண்டன. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் கழுவவில்லை, அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். சரணம் சொல்லிக்கொண்டே பஸ் கிளம்பிப் போனது.

மலைக்குப் போய்வந்தார்கள். மாலையைக் கழற்றினார்கள். அந்தச் சாயங்காலம் நானே இவரை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். 'வாங்க'வா 'வாடா'வா என்று பார்த்துவிட வேண்டும் எனக்கு. தணிகாசலமும் சபைக்காரர்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. தணிகாசலம் தொண்டையைச் செருமினார்.

"டீ சொல்லட்டுமா?" என்றார். இவரைப் பார்த்துச் சொன்னாரா, கண்ணாடி டம்ளரைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை.

இன்றைக்கு வைகாசி. அவர்கள் இவரைக் குருசாமி என்று கூப்பிடுவதில்லை. மூத்த சாமி என்றும் இல்லை. 'வாடா'வும் நின்றுவிட்டது, அறிவு என்ற பெயரும் நின்றுவிட்டது. எதிரே வந்தால் தலையை ஆட்டுவார்கள், பேச வேண்டியிருந்தால் செருமுவார்கள், முதுகுக்குப் பின்னாலிருந்து அழைக்க வேண்டுமென்றால் கையைத் தட்டுவார்கள். இவரும் கைதட்டலுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டுவிட்டார்.