புதன்கிழமை அடுப்பு

பனை ஏறும் காலம் வந்தால் ராதாபுரத்துக்குத் தெற்கே ஊர்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். குடும்பம் மொத்தமும் பனங்காட்டுக்குள் ஓலை வேய்ந்த விடிலி என்னும் குடிசைகளுக்குக் குடி போய்விடும். விடியுமுன் ஆண்கள் ஏறிப் பதநீர் இறக்குவார்கள், பெண்கள் அதைக் கருப்பட்டியாகக் காய்ச்சுவார்கள். பதநீர் யாருக்காகவும் காத்திருக்காது. உடனே அடுப்பில் ஏற்றாவிட்டால் புளித்துப்போகும். நர்ஸ் சித்ரலேகா ஊருக்கு வந்து பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற புதன்கிழமை காலையும் சரியாக அதே நேரம்தான். அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்த புண்ணியவான் ஒருநாளும் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டான்.

தொண்ணூற்று நாலில், அடுத்த காட்டில் மணல்வாரி அம்மை வந்து ஒரு பிள்ளை செத்துப்போனது. சாலோமியின் மகள் யூனிசுக்குப் பத்து மாதம், அதற்கான ஊசி இன்னும் போடவில்லை. அந்த வாரமே அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையோடு ஊருக்கு ஓடினாள். அங்கே அவளைத் தவிர ஒருத்திதான் வந்திருந்தாள். ஒரு புட்டியில் பத்துப் பிள்ளைகளுக்கான மருந்து இருக்கிறது, திறந்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டினால் மேலே பதில் சொல்ல முடியாது என்று சித்ரலேகா கையைப் பிசைந்தாள். அடுத்த வாரம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னாள். ஊசியும் கிடைக்கவில்லை, பதநீரும் புளித்தது. உயிரைக் கொடுத்து ஏறி இறக்கியது வீணாயிற்றே என்று புருசன் பாக்கியசீலன் முகம் கொடுத்தே பேசவில்லை.

அழுதுகொண்டு மூலையில் உட்காருகிற ரகமில்லை சாலோமி. விடிலி விடிலியாகப் போய்ப் பேசினாள். எல்லாப் பெண்களும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: அடுப்பை யார் பார்ப்பது? சாலோமி திரும்பிப் பார்த்தாள். காலையில் ஏறி இறங்கிய ஆண்கள் நிழலில் துண்டை விரித்துக் கிடந்தார்கள். மறுபடி ஏறச் சாயங்காலம் ஆகும். பனை அவனுக்கு, அடுப்பு அவளுக்கு என்பது அந்தக் காட்டில் எழுதாத சட்டம். ஆண்பிள்ளை பதநீர் கிண்டுகிற துடுப்பைத் தொட்டால் மானம் போய்விடும் என்று ஆண்கள் நினைத்தார்கள், பெண்களும் அதை நம்பியிருந்தார்கள். சாலோமிக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கே பெண்களிடம் யோசனையைச் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை பதநீர் கொதித்ததும் துடுப்பைப் புருசன் கையில் திணித்தாள்.

"இதப் பிடிங்க. பொங்கி வந்தா ஆமணக்கு முத்த நசுக்கிப் போடுங்க."

"ஏளா, நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவான்?"

"நாலு பேரும் அவனவன் அடுப்பு முன்னாலதான் இருப்பான். உங்களப் பாக்க எவனுக்கு நேரம் இருக்கு?"

பக்கத்து விடிலிச் சத்தியநேசன் ஒருவன் மட்டும் துடுப்பைத் தொட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்றான். அவன் மனைவி மகனைத் தூக்கிச் சாலோமியின் இன்னொரு இடுப்பில் வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

மணல் பாதையில் இத்தனை பிள்ளைகள் வருவதைப் பார்த்து வாசலுக்கே வந்துவிட்டாள் சித்ரலேகா. ஐஸ் பெட்டியைத் திறந்து புட்டியை எடுத்தாள். யூனிஸ் வீறிட்டு அழுதாள். அதுவரை எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்த சாலோமியும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். இனி என் பிள்ளைக்குப் பயமில்லை என்ற நிம்மதி அது.

காட்டுக்குத் திரும்பினால் ஒரே கூத்து. ஒருவன் கருப்பட்டியைக் கரியாக்கியிருந்தான், இன்னொருவனுடையது களியாக நின்றது. பாக்கியசீலன் முகமெல்லாம் புகையடித்து உட்கார்ந்திருந்தான். அவனுடையது சுமாராகத் தேறியிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் பெருமையடித்தான்.

அந்த வாரத்தில் ஒருநாள் அடுத்த காட்டுத் தாணுமாலையன் கலயத்தில் தடவச் சுண்ணாம்பு கேட்டு வந்தான். மணல்வாரியில் போனது அவன் தம்பி பிள்ளை. அவனுக்கும் ஒரு கைக்குழந்தை உண்டு. ஊசி போட்டாச்சா என்று சாலோமி கேட்டதற்கு, அடுப்பை விட்டு வீட்டுக்காரியால் எங்கே நகர முடிகிறது, நானும் பகலில் வேலியடைக்கப் போய்விடுகிறேன் என்று தலையைத் தொங்கப் போட்டான்.

சாலோமி வாயைத் திறப்பதற்குள் பாக்கியசீலன் எழுந்துவிட்டான்.

"புதன்கிழமை பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போவச் சொல்லும் வே. உம்ம அடுப்ப நான் வந்து பாத்துக்கிடுதேன்."