வெறுங்கையில் நீட்டிய ஏடு

தேவாலயத்தை இடித்த வாரமே காவலர்கள் ஏடுகளைத் தேடித் தெருத்தெருவாக வரத் தொடங்கினார்கள். பேரரசரின் ஆணை சுருக்கமானது: கிறிஸ்தவர்களின் வேதம் சந்தைவெளியில் எரிக்கப்படும், மறைப்பவர் கல்சுரங்கத்துக்குப் போவார். சபையின் ஏடுகள், வழிபாட்டில் வேதத்தை உரக்கப் படிக்கும் வாசகர்களின் வீடுகளில்தான் இருக்கும் என்பது எகிப்து முழுவதும் அறிந்த செய்தி. கோப்ரேஸ் வாசகர். தேவாலய மதிலுக்கு வெளியே நின்றவர்கள்கூட அவருடைய குரலை அறிவார்கள்.

யோவான் சுவிசேஷத்தின் கிரேக்க ஏடு பயறுச் சாடிக்குள், பயறுக்கு அடியில் கிடந்தது. ஊரில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மேசைமேல் இருந்தது வேறொன்று: அவர் மனைவி தியோனில்லாவின் இறந்துபோன தந்தை கண்நோய்களைப் பற்றித் தம் கையால் எழுதியது. அதுவும் தாள்களை மடித்துத் தைத்த ஏடுதான்.

"இதுதான் வேதம்னு நீட்டும்போது தெறந்து படிச்சுப் பாத்தா?" என்றார் கோப்ரேஸ்.

"படிக்கத் தெரிஞ்ச எழுத்தர் பக்கத்துத் தெருவுல இருக்காரு. இங்க வர்றது ஹோரியோன். அவனுக்குத் தன் பேரையே எழுத வராது. நீங்க நடுங்காம இருந்தாப் போதும்."

"என் காலே என் பேச்சக் கேக்கலையேடி."

"சரி, நடுங்குங்க. வேதத்தக் குடுக்கிறவன் சிரிச்சுக்கிட்டா குடுப்பான்?"

கதவு தடியால் தட்டப்பட்டது. காவல் தலைவன் ஹோரியோன் ஒரு காவலனுடன் நுழைந்தான். கதவை அவன் மூடவில்லை. தெரு பார்க்க வேண்டும் என்பதே அவன் விருப்பம்.

"என்ன வாசகரே, தொண்டை அடைச்சுப்போச்சா? போன வாரம் வரைக்கும் கழுதையெல்லாம் மிரண்டு ஓடுற மாதிரி கத்திக்கிட்டிருந்தீங்க! எடுங்க புத்தகத்த."

கோப்ரேஸ் மேசையிலிருந்த ஏட்டை எடுத்து நீட்டினார். ஹோரியோன் அதை வாங்கவில்லை. அவன் பார்வை ஏட்டின் மேல் இல்லை, கோப்ரேஸின் கைகளின் மேல் இருந்தது.

"நில்லுங்க. எத்தனை வீட்டுல வாங்கியிருக்கேன்! ஒருத்தராவது இத வெறுங்கையால தொட்டதில்ல. மேல்துணியால கையச் சுத்திக்கிட்டுத்தான் எடுப்பாங்க. ஒரு கெழவன் அடி வாங்கும்போதுகூட அந்தத் துணிய விடல. நீங்க என்னடான்னா வெங்காயத்த நீட்டுற மாதிரி நீட்டுறீங்க!"

வாசகரான நாள்முதல் சுவிசேஷத்தைக் கோப்ரேஸ் வெறும் விரலால் தீண்டியதில்லை. இது சுவிசேஷம் அல்ல என்பதை அவருடைய மனம் மறைத்தது. கைகளுக்கு மறைக்கத் தெரியவில்லை.

ஹோரியோன் கண்ணைக் காட்டினான். காவலன் சுவரோரச் சாடிகளுக்குள் தடியை விட்டுக் குடையத் தொடங்கினான். முதலில் எண்ணெய். பிறகு மாவு. அடுத்தது பயறு.

தியோனில்லா முக்காட்டை இழுத்து இரு கைகளையும் மூடிக்கொண்டு கணவரிடமிருந்து ஏட்டைப் பிடுங்கினாள்.

"பாவி மனுஷா! உசுருக்குப் பயந்தா புத்தியும் போயிடுமா? கடவுளோட வார்த்தைய, கோழியப் புடிக்கிற மாதிரி வெறுங்கையால புடிச்சிருக்கீங்களே!"

அந்தக் கூச்சல் தெருக்கோடிவரை கேட்டது. அவள் ஏட்டை முத்தமிட்டு, தந்தையின் எழுத்தின்மேல் முகம் புதைத்து அழுதாள். அழுகையில் நடிப்பு இல்லை. காவலன் தடியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"வாசகரே, இனிமேலயாவது உங்க பொண்டாட்டிகிட்ட பக்தி கத்துக்குங்க," என்றபடி ஹோரியோன் ஏட்டை வாங்கிச் சாக்கில் போட்டான்.

அவர்கள் வெளியேறியபோது வாசலில் எதிர்வீட்டுப் பயேசிஸ் நின்றிருந்தார். சபையின் டீக்கன், குருவுக்குத் துணை நிற்பவர். ஏட்டைத் தர மறுத்த அவருடைய மகன் சிறையில் இருந்தான்.

"குடுத்துட்டியா, கோப்ரேஸ்?"

ஹோரியோன் இன்னும் தெருவைக் கடக்கவில்லை. கோப்ரேஸ் வாயைத் திறந்தார். தியோனில்லாவின் நகங்கள் அவர் முழங்கையில் அழுந்தின.

"குடுத்துட்டேன்."

பயேசிஸ் திட்டவில்லை. செருப்புகளைக் கழற்றி, இந்த வீட்டோடு இனி உறவில்லை என்பதுபோல் அந்த வாசலின் புழுதியை அந்த வாசலிலேயே தட்டி உதறிவிட்டுத் திரும்பிப் போனார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதவுகளைச் சாத்தினார்கள்.

"அவர்கிட்ட மட்டுமாவது சொல்லிடட்டுமா?" என்றார் கோப்ரேஸ்.

தியோனில்லா கதவைத் தாழிட்டாள்.

"'உன் மகன விட்டுடறோம், மிச்சப் புத்தகம் எங்க'ன்னு நாளைக்கு அவர்கிட்ட கேட்டாங்கன்னா?"

கோப்ரேஸ் மேல்துணியால் கைகளைச் சுற்றிக்கொண்டு பயறுச் சாடியை நோக்கிப் போனார்.