ஒத்தப்புளி கிராசிங்

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இருந்த ஒத்தப்புளி ஸ்டேஷனுக்கு மதிப்பே கிராசிங்தான். மற்ற வண்டிகள் பேருக்கு நின்றுவிட்டு ஓடிவிடும். விருதுநகர் போகும் மத்தியானப் பாசஞ்சர் மட்டும், எதிர்வண்டி கடந்து போகும்வரை அங்கே ஆற அமர நிற்கும். அந்த நேரத்துக்குள் மோரும் வெள்ளரிப்பிஞ்சும் விற்றுத் தீர்ந்துவிடும். ஒரு கல்யாணப் பேச்சுகூட அங்கேயே முடிந்ததாகச் சொல்வார்கள்.

விருமாண்டி அங்கே பாயின்ட்ஸ்மேன். எதிர்வண்டி வந்து சேர்ந்ததும், ஸ்டேஷன் மாஸ்டர் தரும் பிரம்பு வளையத்தை ஓடிப்போய்ப் பாசஞ்சர் டிரைவரிடம் கொடுப்பது அவர் வேலை. வளையத்தில் தொங்கும் தோல்பைக்குள் டோக்கன் என்கிற இரும்புக் குண்டு இருக்கும். அது கைக்கு வராமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்த மாட்டார். தன்னால் ஒரு வண்டியும் தாமதமானதில்லை என்பதில் விருமாண்டிக்கு அப்படியொரு பெருமை. அதைக் கேட்காத ஆள் ஊரில் பாக்கியில்லை.

அவர் மகள் பாண்டியம்மாள், வேறு சாதிக்காரனான சோணைமுத்துவைக் கட்டிக்கொண்டு செல்லூருக்குப் போய்விட்டாள். அன்றைக்கே விருமாண்டி, மனைவி மாயக்காளைக் குலசாமி முன்னால் நிறுத்திச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். மகள் வீட்டு வாசலை இவள் மிதிக்கக் கூடாது, இந்த வீட்டு வாசலை மகள் மிதிக்கக் கூடாது. வீம்பு அவரைவிட ஒரு சாண் உயரம்.

மாயக்காள் அந்தச் சொல்லை ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினாள். செல்லூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் பிளாட்பாரத்துக்கு ஏது வாசல்? பாண்டியம்மாள் புதன்கிழமைதோறும் செல்லூரில் நெய்த துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு, அந்த மத்தியானப் பாசஞ்சரில் விருதுநகருக்கு விற்கப் போவாள். புருஷனுக்குச் சோறு கொண்டுவரும் சாக்கில், மாயக்காள் மகள் இருக்கும் ஜன்னலைத் தேடிப் போவாள். கம்பி வழியாகவே கருவாடு போயிற்று, தலைக்குப் பூ போயிற்று, வளைகாப்புக்கு வளையலும் போயிற்று. பேரன் பிறந்த பிறகு அவன் பாதமும் கம்பிக்கு வெளியே வந்து அவள் உள்ளங்கையில் நின்றது.

விருமாண்டி பிளாட்பாரத்தின் மறுகோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பார்க்காமலா இருந்தார்? புதன்கிழமைக் குழம்பில் அவசரத்தில் உப்பு மறந்திருக்கும். ஒருநாளும் அவர் ஏன் என்று கேட்டதில்லை.

அப்புறம் புது டைம் டேபிள் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து கிராசிங் திருமங்கலத்துக்கு மாறுகிறது என்றும், ஒத்தப்புளியில் பாசஞ்சர் ஒரு நிமிடம்தான் நிற்கும் என்றும் ஸ்டேஷன் மாஸ்டர் படித்துச் சொன்னார். விருமாண்டி அதை வீட்டில் வந்து சொன்னபோது, மாயக்காள் கழுவிய தூக்குவாளியை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

"எந்தப் பொட்டியில இருக்கான்னு தேடவே ஒரு நிமிசம் பத்தாதே" என்றாள்.

அவரிடம் சொன்னாளா, வாளியிடம் சொன்னாளா தெரியவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் முன்னால் அவள் மகளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசிப் புதன்கிழமை வந்தது. எதிர்வண்டி வந்து கடந்தது. வளையத்தை வாங்கிக்கொண்ட விருமாண்டி ஓடவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பார்த்தபடி நடந்தார். அவர் வருவதைக் கண்ட மாயக்காள், பேரனின் காலைப் பிடித்திருந்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அந்த ஒன்றில்தான் அவர் உடைந்துபோனார்.

எஞ்சின் கூவியது. ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். பேரன் கம்பிக்கு வெளியே கையை நீட்டி வளையத்தைப் பிடித்துக்கொண்டான். அதைப் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஆபீஸ் வாசலிலிருந்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அய்யா, வண்டி நிக்குது" என்றாள் பாண்டியம்மாள், தலையைத் தூக்காமல்.

"அடுத்த வாரம் ஒரு நிமிசந்தான் நிக்கும். பேசத்தான் பத்தாது. எறங்க அம்புட்டு நேரம் போதும். மாப்ளையயும் கூட்டிட்டு வா."

மாயக்காள் பதறிப்போய் அவரைப் பார்த்தாள். சூடம் அணைத்ததை நினைக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"அணைச்சது நீ, அணைக்கச் சொன்னது நானு. சாமி என்னயக் கேக்கட்டும்" என்றார்.

எஞ்சின் மறுபடியும் கூவியது. பேரனின் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக விலக்கி, வளையத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அன்றைக்கு அவரால் ஒரு வண்டி தாமதமாகக் கிளம்பியது.